பழைய நிண்டெண்டோவின் ரிஜிஸ்டர்கள்: கேட்டவையும் பதில்களும்

நிண்டெண்டோவின் ஃபாமிகாம் 1983ல் ஜப்பானில் வந்தது. 1985ல் அதே இயந்திரம் வேறு உடுப்பில், என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்கா போனது. அதற்கு இன்றும் புதிதாக கேம் எழுதுகிறவர்களும் எமுலேட்டர் (அந்த இயந்திரத்தைக் கணினியில் போலச்செய்யும் நிரல்) எழுதுகிறவர்களும் கேட்ட கேள்விகளில், ரிஜிஸ்டர் (சிப்புகளோடு பேச உதவும், முகவரியுள்ள சின்ன வாசல்) பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்கள். சைக்கிள் (பிராசஸரின் ஒரு துடிப்பு) கணக்குகள் சாதாரண எண்கள்.

கேள்வி: அண்ணா, அசெம்ப்ளி இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். 2000 என்ற முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் திரை மாறுகிறது. அப்படியானால் திரை ரேமுக்குள்தான் இருக்கிறதா?

இல்லை. 2000ல் ரேமே கிடையாது. இதிலுள்ள ரிக்கோ 2ஏ03 சிப்புக்குள் இருப்பது 6502 வகை பிராசஸர். வெளிச் சிப்புகளோடு பேச அதற்குத் தனிக் கட்டளை எதுவும் இல்லை. முகவரி போட்டுப் படிப்பது, எழுதுவது இவ்வளவுதான் தெரியும். அதனால் படம் வரையும் சிப்பான பிபியுவை 2000 முதல் 2007 வரையிலான எட்டு முகவரிகளில் உட்கார வைத்துவிட்டார்கள். முகவரியின் மேல் மூன்று பிட்டுகளைப் பார்த்து ஒரு சின்ன டிகோடர் பிபியுவை எழுப்புகிறது. கடைசி மூன்று பிட்டுகள் எந்த ரிஜிஸ்டர் என்று சொல்கின்றன. நடுவில் உள்ள பிட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் 2008ல் எழுதினாலும் 2000ல் எழுதியதாகவே ஆகிறது. 4000க்கு முன்புவரை இந்த எட்டும் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: எமுலேட்டர் எழுதுகிறேன். மெமரி பார்க்கும் ஜன்னலைத் திறந்து வைத்தால் கேம் உறைந்துவிடுகிறது, மூடினால் ஓடுகிறது. ஏன் சார்?

உங்கள் ஜன்னல் 2002ஐப் படித்துக்கொண்டே இருக்கிறது. இதில் எனக்குத் தெரிந்த மிக முக்கியமான விஷயம் இதுதான்: ரிஜிஸ்டரைப் படிப்பது வெறும் பார்வை இல்லை, அது ஒரு செயல். 2002ன் ஏழாவது பிட், பிபியு ஒரு திரையை வரைந்து முடித்து விபிளாங்க் என்ற ஓய்வு நேரத்துக்குள் போனதும் 1 ஆகும். யாராவது படித்த உடனே அழிந்துவிடும். கேம் அந்த 1க்காகக் காத்திருக்கிறது, அதை உங்கள் ஜன்னல் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. பிராசஸர் படிப்பதற்கு ஒரு ஃபங்ஷன், பக்கவிளைவே இல்லாமல் எட்டிப்பார்க்க இன்னொரு ஃபங்ஷன் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 2007க்கும் 4015க்கும் 4016க்கும் இதே கதிதான்.

கேம் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த பிட் எழும் அதே நொடித்துளியில் 2002ஐப் படித்தால் 0 கிடைக்கும். அந்தத் திரைக்கு வரவேண்டிய என்எம்ஐ குறுக்கீடும் (விபிளாங்க் வந்ததும் பிராசஸரை இடைமறித்துத் தனிக் குறியீட்டை ஓடவைக்கும் சமிக்ஞை) வராமல் போகும். ஆகவே முதன்மை லூப்பில் 2002ஐச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். மின்சாரம் வந்தவுடன் பிபியு சூடேற இரண்டு விபிளாங்க் காத்திருக்கும்போது மட்டும் அது சரி. அப்புறம் என்எம்ஐயிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 2006ல் முகவரியைச் சரியாகத்தான் எழுதுகிறேன். எப்போதாவது ஒருமுறை எழுத்துகள் திரையில் எங்கேயோ போய் விழுகின்றன.

"எப்போதாவது" என்பதே துப்பு. பிபியுவின் நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் 2006 எட்டு பிட் வாசல், பிபியுவின் முகவரியோ 14 பிட். அதனால் இரண்டு முறை எழுத வேண்டும், மேல் பைட் முதலில். இது முதல் பைட்டா இரண்டாவதா என்பதை பிபியுவுக்குள் ஒற்றை பிட் நினைவில் வைத்திருக்கிறது. திரையை நகர்த்தும் 2005க்கும் அதே பிட்தான். உங்கள் முதன்மைக் குறியீடு ஒரு பைட் எழுதியதும் என்எம்ஐ குறுக்கிட்டு, அதுவும் 2006ஐத் தொட்டால், வரிசை புரண்டுவிடும். 2002ஐப் படித்தால் அந்த பிட் முதல் நிலைக்குத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் அது பாதி மருந்துதான். பிபியுவில் எழுதுவதை எல்லாம் என்எம்ஐக்குள் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதே முழு மருந்து.

இன்னொன்று. 2006ம் 2005ம் உள்ளே ஒரே ரிஜிஸ்டரைத்தான் மாற்றுகின்றன. முகவரி எழுதி வேலை முடிந்ததும் 2000ஐயும் 2005ஐயும் மறுபடி எழுதாவிட்டால் திரை குதிக்கும்.

கேள்வி: 2007ல் முதலில் படிக்கும் பைட் எப்போதும் தவறாக இருக்கிறது.

தவறில்லை, பழையது. 2006ல் சொன்ன இடத்தில் இருப்பதைப் படிக்கும் வாசல்தான் 2007. பிபியு முன்பு எடுத்து வைத்த பைட்டைக் கொடுத்துவிட்டு, நீங்கள் கேட்டதை இடைக்கிடங்கில் எடுத்து வைக்கிறது. முதல் பைட்டைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து எடுங்கள். நிறத்தட்டு முகவரிகளுக்கு மட்டும் உடனே பதில் வரும்.

கேள்வி: 2000ல் ஒரு பிட்டை மட்டும் மாற்ற, படித்து, மாற்றி, திரும்ப எழுதலாமா?

முடியாது. பிபியுவின் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்களான 2000ம் 2001ம் எழுத மட்டுமே. படித்தால், பிபியுவின் தரவுக் கம்பிகளில் கடைசியாகத் தங்கிய எச்சம்தான் வரும். ரேமில் ஒரு நகல் வைத்து, நகலை மாற்றி, அதை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரில் ஏ பொத்தானை அழுத்தினால் 4016ல் 1 வரும் என்று படித்தேன். 1ஓடு ஒப்பிட்டால் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

ஹெக்ஸில் 41 வந்திருக்கும், பாருங்கள். கன்ட்ரோலர் இழுப்பது கீழ் பிட்டை; மேல் மூன்று பிட்டுகளை யாருமே இழுப்பதில்லை. அந்தக் கம்பிகளில் அதற்கு முன் போனது எது? கட்டளையின் கடைசி பைட், அதாவது 4016 என்ற முகவரியின் மேல் பாதியான 40. அது கம்பியிலேயே தங்கி உங்கள் பதிலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கீழ் பிட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும். இந்த மாதிரி இடங்களில்தான் இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஆசை கூடுகிறது. ஒரு எண்ணுக்குப் பின்னால் செப்புக் கம்பி தெரிகிறது!

படிக்கும் முறை: 4016ல் 1 எழுதி, பிறகு 0 எழுதி, எட்டு முறை படியுங்கள். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் வரும்.

கேள்வி: 4014ல் ஒரு எண்ணை எழுதினால் பிராசஸரே நின்றுவிடுகிறதாமே. அது நஷ்டம்தானே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்ப்ரைட் (திரையில் நகரும் சின்னப் படம்) விவரங்களை மொத்தமாக பிபியுவுக்கு அனுப்பும் வாசல் 4014. 64 ஸ்ப்ரைட், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், மொத்தம் 256. இவற்றை நீங்களே ஒரு சின்ன லூப் போட்டு 2004ல் எழுதினால், எடுக்க 4 சைக்கிள், எழுத 4, எண்ணிக்கை கூட்ட 2, திரும்பிப் போக 3: பைட்டுக்கு 13. மொத்தம் 3328 சைக்கிள். அமெரிக்க, ஜப்பானிய இயந்திரங்களில் விபிளாங்க் நேரமே ஏறக்குறைய 2273 சைக்கிள்தான். 4014ல் 2 என்று எழுதினால் 0200ல் தொடங்கும் 256 பைட்டும் 513 அல்லது 514 சைக்கிளில் போய்ச் சேரும். நின்றாலும் லாபம். அதற்கு முன், எந்த இடத்திலிருந்து நிரப்ப வேண்டும் என்று சொல்லும் 2003ல் 0 எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: ரோமில் எழுதவே முடியாது. ஆனால் கேம்கள் 8000க்கு மேலே எழுதுகின்றனவே?

கார்ட்ரிட்ஜுக்குள் ரோமோடு பேங்க் (ரோமின் ஒரு துண்டு) மாற்றும் சிப்பும் இருக்கிறது. 8000க்கு மேல் எழுதுவதை அதுதான் கேட்டுக்கொள்கிறது. ஆனால் எளிய போர்டுகளில் ரோமுக்கு இது படிப்பதல்ல, எழுதுவது என்று சொல்ல ஆளில்லை. பிராசஸர் 3 என்று கம்பியில் வைக்கும் அதே நேரத்தில் ரோமும் தன் பைட்டை வைக்கும். இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று நம்ப முடியாது. அதனால் ரோமிலேயே 0, 1, 2, 3 என்று ஒரு அட்டவணை போட்டு, 3ஐ எழுத வேண்டுமானால் 3 இருக்கும் இடத்தின் மேலேயே எழுதுவார்கள். இருவரும் ஒன்றையே சொல்லும்போது சண்டை வராது. எமுலேட்டரில் மட்டும் சோதித்தால் இது தெரியாமல் போகலாம். நிஜ கார்ட்ரிட்ஜில் போட்டுப் பாருங்கள்.