மெக்சிகோவுக்கு இருவராகக் கப்பல் பயணம்: கப்பலுக்கு முன் கரையைத் தேர்ந்தெடுங்கள்

வாசகர் கேள்வி: நானும் என் மனைவியும் டல்லாஸில் வசிக்கிறோம். வரும் பிப்ரவரியில் எங்களுடைய 10-ஆவது திருமண நாளையொட்டி மெக்சிகோவுக்குச் சொகுசுக் கப்பலில் சென்றுவர நினைக்கிறோம். டெக்ஸாஸ் கரையிலுள்ள கால்வெஸ்டனிலிருந்தும் செல்லலாம், லாஸ் ஏஞ்சலஸிலிருந்தும் செல்லலாம் என்கிறார்கள். எனக்குப் பழைய கோயில்களையும் இடிபாடுகளையும் பார்க்க ஆசை. மனைவிக்குக் கடலருகே அமைதியாக இருந்தால் போதும், ஆனால் படகில் ஏறினாலே தலைசுற்றல் வந்துவிடும். இருவரும் சைவ உணவு உண்பவர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் எச்-1பி, எச்-4 விசாக்களும் உள்ளன. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப்பட்ட அறையை எடுப்பது, விளம்பரத்தில் காட்டும் கட்டணம்தான் முழுச் செலவா?

பதில்: பெரும்பாலானோர் முதலில் கப்பலைப் பார்க்கிறார்கள், எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம் என்று ஒப்பிட்டுப் பணம் கட்டிய பிறகே அது எந்த ஊர்களில் நிற்கும் என்பதைக் கவனிக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கரையில் செலவிடும் மணி நேரங்களே உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப்போகின்றன என்று தோன்றுகிறது. ஆகவே கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் வழியில் பசிபிக் கரையை ஒட்டித் தெற்கே செல்லும் ஏழு இரவுப் பயணத்தில் காபோ சான் லூகாஸ், மாசட்லான், புவேர்ட்டோ வயார்ட்டா ஆகிய மூன்று ஊர்கள் வழக்கமாக இடம்பெறும். பிப்ரவரியில் இந்த வழிக்கு உரிய பெரிய ஈர்ப்பு திமிங்கிலங்கள்: டிசம்பர் முதல் மார்ச் வரை புவேர்ட்டோ வயார்ட்டாவை ஒட்டிய பண்டேராஸ் விரிகுடாவுக்குக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈனவும் இணை சேரவும் வருகின்றன. ஆனால் நீங்கள் தேடும் பழைய இடிபாடுகள், அதாவது மாயா நாகரிக மக்கள் விட்டுச்சென்றவை, இந்தக் கரையில் இல்லை. காபோவில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டுச் சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள், இது உங்கள் மனைவிக்கு உகந்ததல்ல. திரும்பும்போது கப்பல் வடமேற்குக் காற்றை எதிர்த்து வடக்கே ஏற வேண்டியிருப்பதால், கடைசி ஒன்றிரண்டு நாட்கள் குளிராகவும் ஆட்டமாகவும் இருப்பது வழக்கம். அதோடு, மாசட்லான் இருக்கும் சினலோவா மாநிலத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை பயணம் வேண்டாம் என்னும் நான்காம் நிலை எச்சரிக்கையை நெடுங்காலமாக விதித்து வந்திருக்கிறது. கால்வெஸ்டன் வழியில் வரும் புரோகிரெசோ இருக்கும் யுகடான் மாநிலமோ மிகக் குறைந்த எச்சரிக்கையான முதல் நிலையில் வைக்கப்பட்டுவருவது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால் உங்களுக்கு ஏற்றது கால்வெஸ்டனிலிருந்து புறப்பட்டுப் புரோகிரெசோ, கோசுமெல் ஆகிய இரண்டு ஊர்களில் நிற்கும் ஐந்து இரவுப் பயணமே என்பது என் கருத்து. டல்லாஸிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டினால் துறைமுகம் வந்துவிடும். விமானச் செலவு இல்லை. ஏழு இரவுப் பயணம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கால்வெஸ்டனிலிருந்து செல்லும் ஏழு இரவுக் கப்பல்களில் பல, ஹோண்டுராஸின் ரொவாட்டான் தீவு, பெலிஸ், கேமன் தீவுகள் போன்ற வேறு நாடுகளிலும் நிற்கும். அவை ஒவ்வொன்றுக்கும் விசா விதி வேறு.

விசாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் இந்தியர்களிடம் மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா, திரும்பும் நாளைக் கடந்தும் செல்லுபடியாகுமா என்று இருவரும் இன்றே திறந்து பாருங்கள். முத்திரை காலாவதியாகியிருந்தாலும் பரவாயில்லை என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். 30 நாட்களுக்குள் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் சென்று திரும்புவோர், செல்லுபடியாகும் ஐ-94 என்னும் அமெரிக்க நுழைவுப் பதிவைக் காட்டி அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைய வழிசெய்யும் விதி ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் எச்-1பி விசாக்காரர்களுக்கு அந்த விதி மெக்சிகோவைச் சேராத கரீபியத் தீவுகளில் கால்வைத்தால் பொருந்தாது. மெக்சிகோ தரும் விலக்கும் செல்லுபடியாகும் விசாவை நம்பியதே. கப்பல் நிறுவனம் தன் ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு ஏறும் இடத்திலேயே உங்களை நிறுத்திவிடலாம், அப்போது கட்டணமும் திரும்பாது. எனவே முன்பதிவுக்கு முன்பே உங்கள் நாட்டுரிமையையும் விசா வகையையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணங்களில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு ஏறிவிடலாம் என்பதைக் கேட்டு நீங்கள் குழம்ப வேண்டாம். அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை.

இனிப் புரோகிரெசோ. யுகடான் கரையில் கடலடி மிக மெல்லச் சரிவதால் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. அதனால் கடலுக்குள் ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் இலவசப் பேருந்து உங்களை அந்தப் பாலத்தின் வழியே கரைக்குக் கொண்டுசேர்க்கும். இரு புறமும் வெளிர்பச்சைத் தண்ணீர், நடுவே ஒரு சாலை. பழைய கட்டுமானங்களில் ஆர்வமுள்ள உங்களுக்கு ஒரு செய்தி: 1941-இல் முடிந்த பழைய பகுதியின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். உப்புக் காற்றில் இத்தனை ஆண்டுகள் அது தாக்குப்பிடித்திருப்பதைப் பொறியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

இங்கிருந்து சிச்சென் இட்சா, உஷ்மல் ஆகிய இரண்டு பழைய மாயா நகரங்களுக்கும் செல்ல முடியும். சிச்சென் இட்சாவின் பெயர் பெரிது, கூட்டமும் பெரிது. சாலையில் ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நான் உஷ்மலைப் பரிந்துரைக்கிறேன். சூனியக்காரரின் பிரமிடு என்று அழைக்கப்படும் அதன் வட்ட ஓரங்கள் கொண்ட கோபுரம் மாயா நகரங்களில் அரிதாகவே காணப்படும் வடிவம். ஆறுகளே இல்லாத அந்த மேட்டுநிலத்தில் மக்கள் மழைநீரை நிலத்தடித் தொட்டிகளில் சேமித்து வாழ்ந்திருக்கிறார்கள். சுவர்களில் வரிசை வரிசையாக நிற்கும், நீண்டு வளைந்த மூக்குடைய முகங்கள் மழைத் தெய்வமான சாக்கினுடையவை. மழையை நம்பி வாழ்ந்த ஊர் அதன் தெய்வத்தை ஒவ்வொரு மூலையிலும் செதுக்கி வைத்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். அவ்வளவு தொலைவு வேண்டாம் என்று மனைவி எண்ணினால், மெரிடா நகருக்குச் செல்லும் சாலையில் அரை மணி நேரத்துக்குள் சிபில்சால்தூன் என்னும் இன்னொரு மாயா நகரம் இருக்கிறது. ஏழு பொம்மைகள் கோயிலை நிதானமாகப் பார்த்துவிட்டு மதியமே கடற்கரைக்குத் திரும்பலாம்.

உஷ்மலுக்கு மட்டும் கப்பல் நிறுவனம் நடத்தும் கரைச் சுற்றுலாவிலேயே செல்லுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். அந்தப் பேருந்து வழியில் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கடமை கப்பலுக்கு இல்லை.

கோசுமெலில் இதற்கு நேர்மாறாக, உங்கள் விருப்பப்படியே இருங்கள். தீவின் மேற்குக் கரை அமைதியானது, அங்கேதான் கப்பல்துறைகளும் கடற்கரை விடுதிகளும் உள்ளன. ஒரு நாள் கட்டணம் கட்டிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்கள் பல. உங்கள் மனைவி கேட்ட நாள் இதுதான். அதை வேறு எதனாலும் நிரப்பாதீர்கள். அப்படியும் உங்களுக்குக் கால் நிற்காவிட்டால், தீவின் நடுவில் உள்ள சான் ஹெர்வாசியோவுக்கு இருவரும் டாக்சியில் சென்று இரண்டு மணி நேரத்தில் திரும்பலாம். குழந்தைப்பேற்றுக்கும் நெசவுக்கும் உரிய இஷ்செல் தேவியை வணங்க மாயாப் பெண்கள் கடல் கடந்து வந்த தலம் அது. டாக்சிகளில் மீட்டர் கிடையாது, நிர்ணயித்த கட்டணப் பட்டியல் உண்டு. ஏறுவதற்கு முன் தொகை இருவருக்கும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். கோசுமெலிலிருந்து சிச்சென் இட்சாவுக்கு விற்கப்படும் சுற்றுலாவைத் தவிருங்கள். நிலப்பகுதிக்கு முக்கால் மணி நேரப் படகு, பிறகு நெடுந்தூரப் பேருந்து, திரும்ப மறுபடியும் அதே படகு.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-இல் கோடைகால நேரமாற்றத்தைக் கைவிட்டது. அதன் விளைவாக, பிப்ரவரியில் புரோகிரெசோவின் நேரமும் டெக்ஸாஸ் நேரமும் ஒன்றாக இருக்கும், மறுநாள் கோசுமெலில் உங்கள் கைப்பேசி கப்பலின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்திக் காட்டும். கைப்பேசியை நம்பினால் உங்களுக்கு இழப்பு கரையில் ஒரு மணி நேரம்தான். மியாமியிலிருந்து கோடையில் வருபவர்களுக்கு இதே வேறுபாடு தலைகீழாகி, கைப்பேசி கப்பல் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திக் காட்டும். கோசுமெலில் ஒரு ஜூலை மாலையில் ஒரு தம்பதியைக் கண்டேன்: அந்தப் பெண் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு சுடும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஓடிவந்தார், கணவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கத்தினார், கப்பலுக்கும் துறைக்கும் இடையே அப்போதே பத்தடித் தண்ணீர் தெரிந்தது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கரையில் இருக்கும்போது அது ஒன்றையே நம்புங்கள்.

அறையைப் பொறுத்தவரை, தலைசுற்றல் உள்ளவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருக்கும் சன்னல் அறையே நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு, தொடுவானமும் கண்ணுக்குத் தெரியும். மேல்தளத்தில், முன்முனையில் இருக்கும் பால்கனி அறையைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவில் திடீரென்று வடகாற்று வீசும், அதை அங்கே நோர்த்தே என்பார்கள். அந்த நாட்களில் பால்கனியில் உட்காரவும் முடியாது. அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவு டிக்கெட்டும் உங்களுக்கு ஆகாது. மெக்லிசின் மாத்திரையைத் தலைசுற்றல் தொடங்கிய பின் அல்ல, கப்பல் புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் ஒட்டுக்கு மருத்துவரின் சீட்டு தேவை. வாய் வறட்சியும் பார்வை மங்கலும் வரலாம் என்பதால் அவரிடம் பேசியே முடிவெடுங்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். விளம்பரத் தொகை இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது, எனவே அதை இரண்டால் பெருக்குங்கள். கலிபோர்னியா சட்டத்தின் விளைவாக 2024 ஜூலை முதல் பெரிய நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. அதற்கு மேல் ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை உங்கள் கணக்கில் தானாக ஏறும். கால்வெஸ்டனில் கார் நிறுத்தும் கட்டணம், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. மெக்சிகோவும் 2025 ஜூலையிலிருந்து கப்பல் பயணிகளிடம் ஆளுக்கு 5 டாலர் வசூலிக்கத் தொடங்கியது; அது படிப்படியாக உயரும் வகையில் விதிக்கப்பட்டது. மதுபானத் தொகுப்பு வாங்க நினைத்தால், ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் அனைவரும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் மட்டும் அருந்தும் தம்பதிக்கு அது வீண்செலவு.

கப்பலில் சைவ உணவுக்குக் குறையில்லை. பதிவு செய்யும்போதே இந்தியச் சைவம் என்று எழுதிவிட்டு, முதல் இரவு உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். கரையில்தான் கவனம் தேவை. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது அங்கே சாதாரணம். "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்பது மட்டுமே. "சின் மான்டேகா, சின் கால்தோ தே போயோ" என்றும் சேர்த்துச் சொன்னால்தான் கொழுப்பும் கோழிச் சாறும் தவிரும். உணவு விலைப்பட்டியலில் எண்ணுக்கு முன் இருக்கும் டாலர் குறியைக் கண்டு திடுக்கிட வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான். அட்டையில் செலுத்தும்போது டாலரிலா பெசோவிலா என்று கருவி கேட்டால் பெசோவையே தேர்ந்தெடுங்கள், கருவி போடும் மாற்றுவிகிதம் உங்களுக்குப் பாதகமானது.

கப்பல் நகரத் தொடங்கியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் தொலைபேசித் திட்டத்தில் மெக்சிகோ அடங்கியிருந்தாலும் நடுக்கடல் செயற்கைக்கோள் இணைப்பு அடங்காது. மருத்துவ வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள். கப்பல் மருத்துவமனையின் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில்தான் சேரும்.

பிப்ரவரியில் கால்வெஸ்டனுக்கே உரிய சிக்கல் மூடுபனி. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கரைநீரின் மேல் வரும்போது பனி இறங்கி, துறைமுகக் கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகள் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். காலையில் வரவேண்டிய கப்பல் மாலையில் வரும், அதனால் அடுத்த பயணமும் தாமதமாகும், சில நேரங்களில் ஒரு துறைமுகமே விட்டுப்போகும். அப்படி விட்டுப்போனால் கப்பல் நிறுவனத்திடம் வாங்கிய சுற்றுலாப் பணம் திரும்பிவிடும். வெளியில் வாங்கியதற்கு ரத்து விதியை முன்பே படித்து வைத்திருக்க வேண்டும். மார்டி கிரா விழா வாரத்தில் அந்த ஊர் விடுதி வாடகைகள் ஏறிவிடும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். முந்தைய இரவே கால்வெஸ்டனில் தங்கிவிடுங்கள், திரும்பும் நாளுக்கு மறுநாளும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.