நீங்க வரைஞ்ச பழைய படம் ஒண்ணை இப்போ பாத்தா என்ன தோணுது?

போன மாசம் பாளையங்கோட்டை வீட்டுப் பரண்ல இருந்து அம்மா ஒரு சார்ட் சுருளை எடுத்துக் குடுத்தாங்க. பிளஸ் டூ முடிஞ்ச லீவுல, 2009ல, போஸ்டர் கலர்ல நான் வரைஞ்ச டிராகன். மலை உச்சில நின்னு நெருப்பு கக்குது, பின்னால முழு நிலா. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் பாராட்டுனாங்க, நானும் இதுக்கு மேல வரைய என்ன இருக்குன்னு நம்பிட்டேன். இப்போ வரையுறதுதான் பொழப்பு, அதனால பாத்த உடனே மனசு கஷ்டமா போச்சு.

முதல்ல றெக்கை. முதுகுல ரெண்டு பாயைக் குத்தி வச்ச மாதிரி நிக்கு, தோள்பட்டையே கிடையாது, ஒரு பக்கம் நாலு எலும்பு, மறுபக்கம் அஞ்சு. நாலு கால் போக றெக்கையும் இருந்தா அது இன்னொரு ஜோடி கை, அந்தக் கையை அசைக்க நெஞ்சுல சதை வேணும்லா. கோழியில நாம சாப்பிடுற நெஞ்சுக்கறிதான் றெக்கையை இழுக்குற சதை. என் டிராகனுக்கு நெஞ்சு ஒட்டிப்போய் கிடக்கு.

இதை எனக்குப் புரிய வச்சது ஒரு பழந்தின்னி வௌவால். தாமிரபரணிக் கரை மருத மரத்துல கூட்டமா தொங்கும்லா, அதுல ஒண்ணு கரண்ட் கம்பில அடிபட்டு செத்துக் கிடந்துச்சு, தொடாம குச்சியால விரிச்சு ரொம்ப நேரம் பாத்தேன். கட்டைவிரல் மட்டும் கொக்கி மாதிரி தனியா நிக்கு, மத்த நாலு விரலும் மணிக்கட்டுல இருந்து குடைக்கம்பி மாதிரி நீண்டு போகுது, தோலு அப்படியே பின்னங்கால் வரைக்கும் ஓடுது. அது மொத்தமும் ஒரு கை! நான் வரைஞ்சதுல மணிக்கட்டே இல்ல.

அடுத்து வெளிச்சம். வாயில இருந்து அவ்வளவு நெருப்பு வருது, ஆனா தொண்டைக்குக் கீழ கருப்பா இருக்கு. செதில் ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளி வச்சிருக்கேன், நிழல் எல்லாத்துக்கும் கருப்பைக் கலந்ததுல பச்சை செத்துப்போச்சு.

இதுல எனக்கு வலிக்கிறது என்னன்னா, பக்கத்துலயே ஸ்ரீவைகுண்டம் கோயில் இருக்கு (இப்போ தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் எங்க நெல்லைதான்), அங்க திருவேங்கடமுடையான் மண்டபத்துத் தூண்ல யாளி நிக்கு. உலகத்துல இல்லாத மிருகம்தான், ஆனாலும் அதோட கனம் எந்தக் கால்ல இறங்குதுன்னு கல்லுலயே தெரியும். சின்ன வயசுல எத்தனை தடவை அதுக்குக் கீழ உக்காந்து புளியோதரை தின்னிருக்கேன், ஒரு தடவை கூட ஸ்கெட்ச் பண்ணல. எவனோ வரைஞ்ச டிராகனைப் பாத்துதான் என் டிராகனை வரைஞ்சேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னைக்கும் உயிரோட இருக்கு, அது கண்ணு. அது எங்க வீட்டு ஆட்டைப் பாத்து வரைஞ்சது, கண்பாப்பா கிடைமட்டமா, சுத்திலும் தேன் நிறம், ஓரத்துல ஈரம். மேயுற பிராணிக்குத்தான் கிடைமட்டப் பாப்பா, பதுங்கி வேட்டையாடுற பூனைக்கு நெட்டுக்குத்தா இருக்கும், அந்தக் கணக்குல பாத்தா டிராகனுக்கு அது தப்புதான். ஆனா நேர்ல பாத்து வரைஞ்ச ஒரே இடம் அது.

இப்போ திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். றெக்கை எலும்பு மூணு தடவை அழிச்சாச்சு. கண்ணு அதே ஆட்டுக்கண்ணுதான், மாத்தல.