22 ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டுக்கு: குடும்பத்தோடு செல்பவருக்குச் சில ஆலோசனைகள்

கேள்வி: பதினேழு வயதில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதங்கள் தங்கிப் படித்தேன். என்னைத் தங்கள் பிள்ளையாகவே நடத்திய அந்த வீட்டுப் பெற்றோர் இருவரும் இப்போது 75 வயதைக் கடந்துவிட்டார்கள். 22 ஆண்டுகளாக நேரில் பார்க்கவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் என் மனைவியையும் 9, 5 வயதுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மூன்று வாரம் செல்ல எண்ணுகிறேன். முழு நாட்களும் தங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? விசாவுக்கு அவர்களின் அழைப்புக் கடிதம் போதுமா? என் மனைவிக்கு அந்த மொழி தெரியாது என்பதும் கவலையாக இருக்கிறது.

பதில்: அவர்களின் அழைப்பு மனமாரச் சொன்னதுதான், ஆனாலும் மூன்று வாரமும் அங்கே தங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் மனத்தில் இருப்பவர் ஒரு பெட்டியோடு வந்திறங்கிய பதினேழு வயதுப் பிள்ளை. இப்போது வரப்போவதோ நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். நான்கு பேருக்கான படுக்கை, துணி துவைப்பு, குளியலறைக்குக் காத்திருப்பது, நேர மாற்றத்தால் அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு ஓடித் திரியும் சிறு பிள்ளை ஆகியவற்றையெல்லாம் அன்பினால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், வாய்விட்டும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கான விலையை அவர்களின் உடல்தான் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் பயணத் திட்டத்தை அந்த இருவரின் அன்றாட வலுவுக்கு ஏற்ப அமைப்பதே முறை.

அந்த வலு எவ்வளவு என்பதை அவர்களிடம் கேட்டு அறிய முடியாது. அந்த வீட்டின் மகனிடமோ மகளிடமோ, அதாவது அன்று உங்களுக்கு அண்ணனாகவோ தங்கையாகவோ இருந்தவரிடம், முதலில் தனியாகப் பேசுங்கள். இருவரில் யாருக்கேனும் மறதி தொடங்கியிருக்கிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, பகலில் எப்போது ஓய்வெடுக்கிறார்கள், மருத்துவச் சந்திப்புகள் எந்த நாட்களில் இருக்கின்றன என்பவற்றை அவர்தான் உள்ளபடி சொல்வார். உடல்நிலை சரியில்லை என்று தெரியவந்தால் கோடை வரை காத்திருக்காமல் நீங்கள் மட்டும் முன்னதாக ஒரு முறை போய் வருவதைப் பற்றியும் எண்ணிப் பாருங்கள்.

தங்குவதற்கு, அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் சமையலறையோடு கூடிய ஒரு குடியிருப்பை வாடகைக்கு எடுப்பது நல்லது. விமானத்திலிருந்து நேராக அங்கே செல்லுங்கள். பல மணி நேர வேறுபாட்டைக் கடந்து சென்றால் உடல் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் புதிய நேரத்துக்குப் பழகும். கிழக்கு நோக்கிய பயணத்தில் இன்னும் தாமதமாகும். முதல் மூன்று நாட்களில் சந்திப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டாம். பிள்ளைகளின் தூக்கம் சீரான பிறகு இரண்டு இரவுகள் அவர்கள் வீட்டில் தங்குங்கள். அப்போதுதான் அவர்களின் அழைப்பையும் மதித்ததாகும். பிறகு ஒரு வாரம் வேறு ஊர்களைப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று நாட்களுக்கு மீண்டும் அங்கே திரும்புங்கள். ஒரே மூச்சில் நீண்ட நாட்கள் இருப்பதைவிட, போய்த் திரும்பி வருவது முதியவர்களுக்கு ஓய்வும் தரும், எதிர்பார்ப்பும் தரும்.

அடுத்து விசா. அழைப்புக் கடிதத்தின் மதிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குச் செல்பவர்கள் தங்குமிடத்துக்கான சான்றைக் காட்ட வேண்டும். உறவினர், நண்பர் வீட்டில் தங்குவதாயின் சில நாடுகள் அந்த வீட்டார் உள்ளூர் அலுவலகத்தில் முறைப்படி பெற்ற ஆவணத்தைக் கேட்கின்றன. அதற்காக முதியவர்களை அலைய வைப்பதைவிட வாடகைக் குடியிருப்பின் முன்பதிவைக் காட்டுவது எளிது. விசா தேவைப்படுபவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டையும் இணைக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறுகிய காலப் பயணத்தில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. அமெரிக்காவின் சுற்றுலா விசாவுக்கோ அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. சொந்த நாட்டில் உங்களுக்குள்ள வேலை, வீடு, குடும்பப் பிணைப்பு ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கிறார்கள். எந்த நாடானாலும் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு 10 ஆண்டு செல்லுபடியாகும் பாஸ்போர்ட் பல நாடுகளில் சிறுவர்களுக்கு 5 ஆண்டுக்கே வழங்கப்படுகிறது. பயண நாளில் ஆறு மாதச் செல்லுபடி எஞ்சியிருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் பல.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்கள் மனைவியைப் பற்றிய வரிதான். அந்த வீட்டில் நினைவுகள் எல்லாம் உங்களுக்கு உண்டு. அவருக்கு ஒன்றுகூட இல்லை. பழைய கதைகள் தொடங்கிவிட்டால், தெரியாத மொழியில் மூன்று மணி நேரம் புன்னகைத்தபடி அமர்ந்திருப்பது எவருக்கும் களைப்பூட்டும். எல்லாவற்றையும் வரிக்கு வரி மொழிபெயர்க்க முயன்றால் நீங்களும் சோர்ந்துபோவீர்கள். ஆகவே பேச்சைக் குறைத்துக் கையால் செய்யும் வேலையைக் கூட்டுங்கள்: சேர்ந்து சமைப்பது, தோட்ட வேலை, சீட்டாட்டம், பழைய படங்களைப் புரட்டுவது. இவற்றுக்கு மொழி அதிகம் வேண்டியதில்லை. புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே வாரம் ஒரு முறை காணொளி அழைப்பில் பத்து நிமிடம் எல்லோரும் முகம் காட்டினால், அங்கே போய் இறங்கும்போது அவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு முற்றிலும் அந்நியராக இருக்க மாட்டார்கள். உங்கள் மொழிப் பழக்கமும் அதிலேயே மீளத் தொடங்கும். அவர்களை எப்படி அழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். தாத்தா, பாட்டி என்று அழைக்கலாமா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுவது மேல்.

ஒரு பிற்பகலை மட்டும் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். மனைவியும் பிள்ளைகளும் வேறெங்காவது சென்றிருக்க, நீங்கள் மட்டும் அந்த இருவரோடு உட்காருங்கள். பதினேழு வயதில் சொல்லத் தெரியாமல் போன நன்றியையும், அன்று ஏதேனும் மனத்தாங்கல் இருந்திருந்தால் அதையும் பேச அந்த நேரம் தேவைப்படும். இந்த ஏற்பாட்டை மனைவியிடம் முன்பே சொல்லி அவர் சம்மதத்தைப் பெறுங்கள்.

பரிசுப் பொருளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். அந்தப் பத்து மாதங்களில் எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால் அவற்றை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்கே அவர்களிடம் இருக்கும் படங்களையும் நகலெடுத்து, அதில் இருப்பவர்களின் பெயர்களை அவர்கள் சொல்லச் சொல்லப் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் விமான நிலையம் வரை அவர்களே வண்டியோட்டிக்கொண்டு வருவதாகச் சொல்வார்கள். முந்தைய நாளே வாடகை வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு, வீட்டு வாசலிலேயே விடைபெறுங்கள். விடைபெற்ற மனநிலையில் அவர்கள் தனியாக வண்டியோட்டித் திரும்பும்படி ஆகக் கூடாது. அன்று மாலை அவர்களின் மகனோ மகளோ அங்கே வந்து உடனிருக்குமாறும் கேட்டுக்கொள்ளுங்கள்.