உயிர்க்கரி கேள்வி-பதில்: மூட்டையை நிறுக்கும் முன் தண்ணீரைக் கழியுங்கள்

உயிர்க்கரி என்பது மண்ணில் போடுவதற்காக, காற்று அதிகம் படாமல் சுட்டெடுக்கும் கரி (பயோசார்). இந்த முறை அதுபற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீமைக்கருவேல் பற்றியவை. தென்மாவட்டங்களில் அது கிடக்கிற கிடைக்கு இது ஆச்சரியமில்லை.

காலையில் வெட்டிய சீமைக்கருவேலை மாலையிலேயே குழியில் போட்டுச் சுடலாமா? (முதுகுளத்தூர்)

கூடாது. பச்சை விறகு 100 கிலோவில் 40 கிலோ வரை தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே நெருப்பு வீணாகச் செலவாகும், புகையும் கிளம்பும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு மாதம் வெயிலில் விடுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும். ‘டொப்’பென்றால் இன்னும் காயவில்லை.

கரிமூட்டம், குழி, டிரம், எது நல்லது? (அருப்புக்கோட்டை)

எவ்வளவு விறகு, என்ன பருமன் என்று எழுதவில்லை. அது தெரியாமல் எப்படிச் சொல்வது? மணிக்கட்டுப் பருமன்வரை என்றால் கூம்புக் குழி போதும்: மேலே 5 அடி அகலம், 3 அடி ஆழம், சரிவான சுவர். 2014 வாக்கில் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட், பால் டெய்லர் இருவரும் வடிவமைத்த ‘கோன்-டிக்கி’ உலையும் இதே தத்துவம்தான். அவர்கள் இரும்பில் செய்தார்கள், நாம் மண்ணில் தோண்டுகிறோம். அடியில் சிறு தீ மூட்டி, அது நன்றாகப் பிடித்ததும் ஒரு வரிசை விறகு. அதன்மேல் வெள்ளைச் சாம்பல் படர ஆரம்பித்தால் அடுத்த வரிசை. மேலே எரியும் தீ, கீழே காற்று போகாமல் தடுக்கிறது. கீழிருந்து வரும் வாயுவையும் அதுவே எரித்துவிடுகிறது. புகை வந்தால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டு அதிகம் போட்டுவிட்டீர்கள். மண் மூடிய மூட்டத்தில் அந்த வாயு மீத்தேனோடு சேர்ந்து வெளியே போகிறது. தூர்க்கட்டை மாதிரி பருத்ததெல்லாம் குழிக்கு ஆகாது, உள்ளே வேகாது.

200 கிலோ விறகில் 70 கிலோ கரி எடுத்தேன். இதை 100 கிலோ ஆக்க என்ன வழி? (மானாமதுரை)

மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். ஒருவராவது விறகு காய்ந்ததா, கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தீர்களா, எப்போது எடை போட்டீர்கள் என்று எழுதுவதில்லை. தண்ணீரில் அணைத்த கரி, தன் எடைக்குச் சமமாகக்கூட நீரைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் 70 கிலோவில் 25, 30 கிலோ தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ கரியை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

அப்படியும் 70 கிலோவே நிற்கிறது என்றால் எனக்கு இன்னும் கவலை. காய்ந்த விறகில் பாதி எடை கார்பன். 200 கிலோவில் 100 கிலோ. குழியில் 600, 700 டிகிரியில் நன்றாக வெந்தால் 40 முதல் 45 கிலோ கரி வரும், அதில் 35 கிலோவுக்கு மேல் கார்பன். அது நல்ல கணக்கு. 350 டிகிரியில் நிறுத்தினால் எடை கூடும்தான். ஆனால் கூடியது தாரும் வேகாத மரமும். மண்ணில் சீக்கிரம் மட்கிப்போகும். நூறு வருடம் நிற்கட்டும் என்றுதானே சுடுகிறோம்? ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தாலோ, கையில் பட்ட கரி வெறும் தண்ணீரில் கழுவினால் போகாமல் பிசுபிசுத்தாலோ, அது அரைவேக்காடு.

நிஜமாகவே கூட்ட வேண்டுமென்றால் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, காய்ந்த விறகு. இரண்டு, அணைக்கும் நேரம். கடைசி வரிசையில் சாம்பல் படரத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று அரைமணி நேரம் விட்டால், நீங்கள் செய்தது சாம்பல். 100 கிலோ ஆசையை விட்டுவிடுங்கள்.

சவுக்கு மிலார், தேங்காய்த் தொட்டி சேர்க்கலாமா? (மரக்காணம்)

சேர்க்கலாம். ஆனால் தனித்தனியாகச் சுடுங்கள். மிலார் வெந்து முடியும்போது தொட்டி பாதிதான் வெந்திருக்கும். காய்ந்திருக்க வேண்டும் என்று மறுபடி சொல்கிறேன்.

பழைய கதவு, ஜன்னல், பிளைவுட்? (மதுரை)

பெயின்ட், பசை பட்ட எதுவும் வேண்டாம்.

சுட்ட கரியை மறுநாளே வெண்டைக்குப் போட்டேன். இலை மஞ்சளாகிவிட்டது. (திண்டுக்கல்)

ஊட்டம் ஏற்றாத கரி, மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை எழுதினாலும் இதைப் படிக்காமலே போடுகிறார்கள். கரி ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் இரண்டு பங்கு; ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) தெளித்து மூன்று, நாலு வாரம் நிழலில் வையுங்கள். அப்புறம் வேர்ப்பகுதியில் மட்டும் கொடுங்கள். ஏக்கருக்கு முதல் வருடம் அரை டன் போதும். இன்னொன்று: மரக்கரி காரத்தன்மை உள்ளது, சாம்பல் கலந்தால் இன்னும் கூடும். உங்களுடையது ஏற்கெனவே காரம் மிகுந்த களர் நிலமா என்று எழுதவில்லை. மண் பரிசோதனை செய்யாமல் அடுத்த மூட்டையைத் தொடாதீர்கள்.

அணைத்த கரியை உடனே சாக்கில் கட்டலாமா? (சிவகங்கை)

கூடாது. மேலே குளிர்ந்திருக்கும், உள்ளே ஒரு கங்கு உயிரோடு இருக்கும். ராத்திரியில் காற்றுப் பட்டால் சாக்கு எரியும். குழியைக் கிளறிக்கிளறி, ஆவி நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் திறந்தவெளியில் பரப்பிவையுங்கள். ஆட்கள் படுக்கிற அறையில் புதுக்கரியை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்: கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பொடிக்கும்போது தூசி தாங்கவில்லை. (தேவகோட்டை)

ஈரமாக இருக்கும்போதே இடியுங்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாவாக்க வேண்டாம், துவரம்பருப்பு அளவு போதும்.