பழைய அமெரிக்கக் கார்களின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்: அசலை அடையாளம் காண்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 1967 செவர்லே கமாரோ. 327 கன அங்குல எஞ்சின், பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். விற்றவர் ஒரு பெட்டி நிறைய ஸ்மாக் பம்ப் (புகையைக் குறைக்க எக்ஸாஸ்டுக்குள் காற்றைத் தள்ளும் பம்ப்) சாமான்களையும் சேர்த்துக் கொடுத்தார். இந்த வண்டியில் அது முதலில் இருந்ததா, இல்லையா?

பதில்: பாகம் தேடப் புறப்படும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 1966, 67 மாடல்களில் எக்ஸாஸ்ட் புகைக்கான கட்டுப்பாடு கலிபோர்னியாவில் விற்ற வண்டிகளுக்கு மட்டும்தான். நாடு முழுவதற்கும் 1968 மாடலில்தான் வந்தது. செவர்லேயில் அந்தப் பம்ப் அமைப்புக்குப் பெயர் ஏ.ஐ.ஆர்., ஆர்டர் குறியீடு கே19.

காகிதம் எதுவும் இல்லாவிட்டால் எஞ்சினைப் பாருங்கள். பிளாக்கின் முன்புறம், பயணி பக்க (அமெரிக்க வண்டியில் வலது) சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் இழைத்த தட்டையான இடம் ஒன்று இருக்கும். அங்கே குத்திய எழுத்தில் கடைசி இரண்டும் எம்.இ. என்றால் பம்ப் இல்லாத 210 குதிரைத்திறன் 327, பவர்கிளைடுடன் வந்தது. எம்.எஃப். என்றால் அதே எஞ்சின், பம்புடன். ஒரே எழுத்துகள் வேறு ஆண்டில் வேறு எஞ்சினைக் குறிக்கும். ஆண்டை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

அந்த இடத்தில் ஆலையின் இழைப்புக் கோடுகள் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளாக ஓட வேண்டும். வழவழவென்று தேய்த்திருந்தால் எழுத்து பிறகு குத்தப்பட்டதாக இருக்கலாம். அப்போது அந்த எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: 7029202 என்று குத்திய குவாட்ராஜெட் கார்புரேட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என் 1969 செவர்லே 350க்குப் பொருந்துமா?

பதில்: எண்ணைப் பிரித்துப் படியுங்கள். 702 என்றால் அறுபதுகள். நான்காவது இலக்கம் 9, ஆக 1969. ஆறாவது இலக்கம் கார் பிரிவைச் சொல்லும்: 0, 1, 2 செவர்லே, 4 பியூக், 5 ஓல்ட்ஸ்மொபீல், 6, 7 பான்டியாக். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக், ஒற்றைப்படை என்றால் மேனுவல். ஆகவே இது செவர்லே ஆட்டோமேட்டிக்குக்கு. உங்களுடையது மேனுவல் என்றால் 7029203 தேடுங்கள்.

1970 முதல் 704 என்று தொடங்கும். அதில் ஐந்தாவது இலக்கம் 5 ஆக இருந்தால் கலிபோர்னியா வண்டி. 170இல் தொடங்கும் 8 இலக்க எண் என்றால் 1976 அல்லது அதற்குப் பிந்தையது. உங்கள் வண்டிக்கு அது அசல் ஆகவே ஆகாது.

எண் பொருந்தினால் போதாது, தேதியும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் (இடது), செங்குத்தாகக் குத்திய பெரிய எண்ணுக்கு அருகில் 4 இலக்கம் இருக்கும். 1239 என்றால் 1969ஆம் ஆண்டின் 123ஆம் நாள், அதாவது மே 3. பிறகு ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலான சுவர்) உள்ள டிரிம் தகட்டைப் பாருங்கள்: 05சி என்றால் மே மாதம் மூன்றாவது வாரம் கட்டிய வண்டி. கார்புரேட்டர் தேதி வண்டி கட்டிய தேதிக்குச் சில வாரங்கள் முதல் ஓரிரு மாதங்கள் வரை முந்தியிருப்பது இயல்பு. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அந்த வண்டியோடு பிறந்ததல்ல. கார்ட்டர் நிறுவனம் செய்து கொடுத்த குவாட்ராஜெட்டுகளில் தேதி ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக இருக்கும். அதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்மாக் பம்ப் 1967க்கு உரியதா, 68க்கு உரியதா என்று வெளியிலிருந்தே சொல்ல முடியுமா? கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டலாமா?

பதில்: புல்லியைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் சிறிய பிளாஸ்டிக் விசிறி இருந்தால் 1968 அல்லது பிந்தையது. அந்த விசிறிதான் வடிகட்டி. சுழற்சியில் தூசியை வெளியே தள்ளிவிடும். 66, 67 பம்புகளில் அது கிடையாது. பம்ப் உடலில் வார்த்த எண் பல ஆண்டுகளுக்குப் பொதுவானது. அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

கழுவவே கூடாது, எண்ணெயும் விடக் கூடாது. உள்ளே இருப்பவை கார்பன் தகடுகள். சால்வென்ட்டோ நீராவியோ பட்டால் பம்ப் கெட்டது. வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். விசிறியைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள், வெளியே வரும்போது பெரும்பாலும் உடைந்தே வரும். பெல்ட்டை இறுக்கும்போது அலுமினிய உடலைக் கம்பியால் நெம்பினால் விரிசல் விடும். இன்னொன்று: பல இடங்களில் பம்பை எஞ்சின் நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அது வெற்று அலுமினியமாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கருகிப் போகிறது. புது ஹோஸ் போட்டும் அதே கதை.

பதில்: செக் வால்வு போய்விட்டது. காற்றை எக்ஸாஸ்ட் பக்கம் விட்டு, சூட்டைத் திரும்ப வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. கழற்றி வாயால் இரு பக்கமும் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் போக வேண்டும். வி8இல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். விட்டுவிட்டால் அடுத்து கருகுவது பம்ப்.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளைகளைத் திருகால் அடைத்திருக்கிறார்கள். வார்ப்பு எண் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: அவை பம்பின் காற்றுக் குழாய்களுக்கான துளைகள். செவர்லேயில் ஒரே வார்ப்பு எண்ணில் துளையிட்டதும் உண்டு, இடாததும் உண்டு. எண் இதற்கு உதவாது. 1968, 69இல் பம்ப் பெரும்பாலும் மேனுவல் கியர் வண்டிகளுக்கே போனது. ஆட்டோமேட்டிக் வண்டியில் அடைத்த துளை இருந்தால் மேனிஃபோல்ட் வேறு காரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய காற்றுக் குழாய்களைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். துருவில் நட்டும் குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் பலத்தால் திருகினால் குழாய் முறுகி ஒடியும். துரு எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் துளையைச் சுற்றியுள்ள இரும்பை டார்ச்சால் சிவக்கச் சுடுங்கள். பிறகு நட்டை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்.

கேள்வி: 1968 மஸ்டாங்குக்கு வாங்கிய பாகத்தின் பெட்டியில் ஓர் எண், பாகத்தின் மேல் வேறு எண். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. ஃபோர்டில் அது அப்படித்தான். சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் ஆண்டு. மூன்றாவது எழுத்து எந்தக் காருக்கு வடிவமைத்தது என்பது: இசட் மஸ்டாங், ஓ ஃபேர்லேன், ஏ பெரிய கார். நான்காவது எழுத்தில்தான் வித்தியாசம். பாகத்தில் இருப்பது பொறியியல் பிரிவின் எழுத்து. பெட்டியில் இசட் என்றால் உதிரிபாகக் கவுன்டரின் எண். நடுவில் வரும் எண் பாகத்தின் வகை: 9510 கார்புரேட்டர், 6ஏ666 பி.சி.வி. வால்வு (எஞ்சின் அடிப்பெட்டியில் சேரும் புகையை மீண்டும் எஞ்சினுக்குள் எரியவிடும் வால்வு).

எண்ணில் உள்ள ஆண்டு வடிவமைத்த ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. செய்த தேதி தனியே இருக்கும்: 8சி14 என்றால் 1968 மார்ச் 14. மாத எழுத்துகளில் ஐ வராது, எனவே செப்டம்பர் ஜே. 68 வண்டியில் மோட்டர்கிராஃப்ட் என்ற பெயர் கண்டால் அது பிற்கால மாற்றுப் பாகம். ஆட்டோலைட் என்றிருக்க வேண்டும்.

கேள்வி: புது பி.சி.வி. வால்வு போட்டதிலிருந்து ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் மெதுவேகம்) சீராக இல்லை. ஆட்டினால் சத்தம் வருகிறது, நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: ஆட்டும்போது வரும் சத்தம் உள்ளே முள் ஒட்டவில்லை என்பதை மட்டும் சொல்லும். இந்த வால்வு அளந்து விட்ட வேக்வம் கசிவு. கார்புரேட்டர் அந்த அளவைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டது. அதிகம் விடும் வால்வு போட்டால் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். உருவம் ஒத்திருப்பதை வைத்து வாங்காமல், உங்கள் எஞ்சினுக்கான பட்டியல் எண்ணைப் பாருங்கள். ரப்பர் வளையமும் காய்ந்து கல்லாகியிருக்கும், கையோடு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1968 டாட்ஜ். பம்ப் எங்கேயும் கிடைக்கவில்லை.

பதில்: தேட வேண்டாம். அந்த வண்டிக்குப் பம்பே கிடையாது. டாட்ஜைச் செய்த கிறைஸ்லர் நிறுவனம் மெலிந்த கலவையும் ஐடிலில் தாமதித்த தீப்பொறி டைமிங்கும் கொண்டே சமாளித்தது. க்ளீனர் ஏர் பேக்கேஜ் என்று பெயர். நீங்கள் சரிபார்க்க வேண்டியவை கார்புரேட்டர் எண்ணும் டிஸ்ட்ரிபியூட்டர் எண்ணும்தான்.