வேலை நேரத்தில் இணையம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை, ஜவுளிக்கடை உரிமையாளர்: அண்ணாச்சி, கணக்கு எழுதும் தம்பி பொழுதுக்கும் யூடியூபில்தான் கிடக்கிறான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஏன் இந்தப் புத்தி?

புத்தியை விடுங்கள், தேதியைக் கவனியுங்கள். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் மாதம் 11-க்குள், வரிக் கணக்கு காட்டும் 3பி படிவம் 20-க்குள் போயாக வேண்டும். அந்த நாட்களில் அவர் யூடியூப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறாரா? 20 தாண்டியதும் வேலை வற்றிவிடும். வருகிற ஒன்றிரண்டு பில்லும் உங்கள் கையெழுத்துக்காக மேசையில் காத்துக்கிடக்கும். எழுந்து போகவும் முடியாது, சும்மா இருக்கிறேன் என்று சொல்லவும் பயம். அப்படிப்பட்டவர் திரையில் எதையாவது பார்க்கத்தான் செய்வார். மாதக் கடைசியில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். முடித்த அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள். சீக்கிரம் முடித்தால் இன்னொரு கட்டு பில்தான் வரும் என்றால் எவர் சீக்கிரம் முடிப்பார்?

வள்ளியூர், அலுவலக மேலாளர்: தீபாவளி நெருங்கினால் 11 மணிக்கு எல்லோரும் ரயில் டிக்கெட் தளத்தில் இருக்கிறார்கள். தடுத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. தட்கல் பதிவு ஏசி பெட்டிகளுக்கு 10 மணிக்கும் ஏசி அல்லாதவற்றுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அந்த நேரத்தைக் குறித்தவர்கள் உங்கள் ஊழியர்கள் அல்லர். சென்னையிலிருந்து பிள்ளை ஊர் வர நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இடம் பிடிக்கப் பத்து நிமிடம் கொடுங்கள்.

சங்கரன்கோவில் வாசகி: எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை, புடவை பார்த்தே பொழுது போகிறது. தவறா அண்ணாச்சி?

தவறுதான் தங்கச்சி. ஆனால் உங்கள் நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. “எனக்குச் சேர வேண்டியதைத் தரவில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று மனம் போடும் கணக்கு இது. இணையத்தை வீணடிப்பவர்களில் சோம்பேறிகளைவிட இப்படி மனம் புண்பட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வுப் பட்டியல் எந்த அடிப்படையில் தயாரானது என்று எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வரும்வரை உங்கள் வேலையில் யாரும் குறை காணாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்காசி, நிறுவன உரிமையாளர்: கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள் போடலாமா?

முதலில் எதைக் கண்காணிப்பீர்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். திருட்டுப் படம் இறக்குவது, இணையச் சூதாட்டம், வாடிக்கையாளர் விவரத்தை வெளியே அனுப்புவது ஆகிய மூன்றிலும் தயவு காட்டாதீர்கள். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைத் தேடினால் இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும், போலீஸ் உங்களிடம்தான் வரும். ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பயன்படுத்தினால், செய்தவர் யார் என்று எந்த மென்பொருளாலும் காட்ட முடியாது.