நண்பரின் தோட்டா, உங்கள் ரைஃபிள்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். போன வருஷம் பழைய மார்லின் 1894 லீவர் ரைஃபிள் (விசைக்கருகே உள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) ஒன்று வாங்கினேன், .44 மேக்னம் தோட்டா போடுவது. என் நண்பர் தன் ரிவால்வருக்காக 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) ஈயக் குண்டு வார்த்து, தானே தோட்டா கட்டுகிறார். காட்டுப்பன்றி வேட்டைக்கு அதையே என் ரைஃபிளில் போடலாம் என்கிறார். இரண்டும் ஒரே தோட்டாதானே? அவருடைய அளவுகளை அப்படியே எழுதிக்கொண்டு நானும் கட்டலாமா?

பதில்: நீங்கள் கட்டலாம். அவருடைய அளவுகளை வைத்துக் கட்டக் கூடாது. பெட்டியில் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டாவை ரிவால்வர் ஒரு பக்கம் சோதிக்கிறது, லீவர் ரைஃபிள் நேர் எதிர்ப் பக்கம் சோதிக்கிறது.

ரிவால்வர் சுடும்போது பின்னால் உதைக்கும். சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் பித்தளை உறையும் கூடவே பின்னால் போகும். கனமான குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்கிறாரே, அதே கதை. அதனால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறையை விட்டு முன்னால் நழுவி, கடைசியில் சிலிண்டரே சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். உங்கள் நண்பர் கிரிம்ப் போடுவது, அதாவது உறையின் வாயை மடக்கிக் குண்டின் பள்ளத்தில் பதிப்பது, இதைத் தடுக்கத்தான்.

உங்கள் ரைஃபிளில் தோட்டாக்கள், சுடும் குழலுக்கு அடியில் இருக்கும் தோட்டாக் குழாய்க்குள், ஒன்றன் மூக்கு அடுத்ததன் முதுகில் படும்படி வரிசையாகப் படுத்திருக்கின்றன. முன்னாலிருந்து ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு உதைக்கும் அந்த வரிசை முன்னும் பின்னும் மோதும். கிரிம்ப் தளர்வாக இருந்தால் இங்கே குண்டு வெளியே வராது, உறைக்குள் இறங்கும். வெளியே வந்தால் துப்பாக்கி நிற்கும், அவ்வளவுதான். உள்ளே இறங்கினால் அழுத்தம் ஏறும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. .44 குண்டு ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இறங்கினால் வெடிமருந்து எரிகிற அறையில் ஏறக்குறைய கால் கன சென்டிமீட்டர் இடம் போய்விடும். மொத்தக் கொள்ளளவே இரண்டரை கன சென்டிமீட்டர் அளவுதான். அதில் கணிசமான பகுதியை ஏற்கெனவே 300 கிரெயின் குண்டின் அடிப்பகுதி அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. உச்ச அளவில் கட்டிய தோட்டா, குண்டு கொஞ்சம் இறங்கினாலே அதைத் தாண்டிவிடும்.

கிரிம்ப் எல்லாத் தோட்டாவிலும் ஒன்றுபோல விழ வேண்டுமென்றால் உறைகளின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். .44 மேக்னம் உறையின் உச்ச நீளம் 1.285 அங்குலம். நீண்டவற்றை வெட்டிச் சமப்படுத்தாமல் டையை, அதாவது கிரிம்ப் போடும் அச்சை, மட்டும் முறுக்கினால் ஒன்று நசுங்கும், ஒன்று தளரும். சமப்படுத்துவது சலிப்பான வேலைதான். நான் ரேடியோவைப் போட்டுவிட்டுச் செய்வேன்.

அடுத்தது மொத்த நீளம். தர அளவின்படி முழுத் தோட்டா 1.610 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரிவால்வர்காரர்களுக்கு இதில் தாராளம் உண்டு, சிலிண்டர் நீளமாக இருந்தால் குண்டை வெளியே நீட்டிக் கட்டிக்கொள்வார்கள். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் பாணியில் வந்த, லைமன் நிறுவனத்தின் 429421 அச்சுக் குண்டை அதன் பள்ளத்திலேயே கிரிம்ப் செய்தால் தோட்டா 1.7 அங்குலத்தை ஒட்டி நிற்கும். பழைய மார்லினில் அது குழாயிலிருந்து மேலே ஏற மறுக்கும். பாதியில் சிக்கினால் வயலில் நின்று பிரிக்க முடியாது. லீ நிறுவன அச்சில் வரும் 310 கிரெயின் குண்டுக்கு இரண்டு கிரிம்ப் பள்ளங்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளத்தில் மடக்குகிறோம் என்பதைப் பொறுத்து நீளமும் மாறும், அழுத்தமும் மாறும். நண்பர் எந்தப் பள்ளத்தைப் பிடித்திருக்கிறார் என்று கேட்டீர்களா?

குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். குழாயில் கூர்மூக்குக் குண்டு முன்னால் படுத்திருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் மூடியை, நேராகக் குத்திக்கொண்டிருக்கும். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

பெரும்பாலோர் மறப்பது குழலின் மரையை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்பக்கத் திருகுப் பள்ளங்களை. பழைய மார்லின் 1894 .44-இல் மரை 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரிவால்வர்களில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று சகஜம், மார்லின் பெயர் ரூகர் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு வரும் 1894-களும் அப்படியே. குண்டு நீளமாக ஆக அதை நேராகப் பறக்கவைக்க வேகமான சுழற்சி வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் சொன்ன பழைய சூத்திரமே தோராயக் கணக்குக்குப் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை என்பது கிடைக்கும். 0.430 அங்குல விட்டத்தை அதில் போட்டு 38 அங்குலச் சுற்றுக்குத் திருப்பிப் பார்த்தால், தாங்கும் நீளம் 0.73 அங்குலம். 300 கிரெயின் ஈயக் கலவையை மூக்கே இல்லாத உருளையாக வார்த்தால்கூட நீளம் 0.75-ஐத் தொடும். மூக்கு சேர்ந்தால் 0.8-ஐத் தாண்டும். நல்ல வேகத்தில், கிட்டத்தில் சில ரைஃபிள்கள் இதைச் சமாளிக்கும். வேகம் குறைந்தால் குண்டு தள்ளாடிப் போய் இலக்கு அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போல நீள்துளை போடும். பன்றியின் தோளில் அப்படி ஒன்று விழுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் ரைஃபிளுக்கு 240 முதல் 265 கிரெயின் வரை போதும். இந்த 300 மோகம் ரிவால்வர்காரர்களிடமிருந்து தொற்றியது.

குண்டு குழலோடு பொருந்துகிறதா என்பதை ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம். குழலில் எண்ணெய் தடவி, மென்ஈய உருண்டை ஒன்றை அடித்து உள்ளே தள்ளி மறுபக்கம் எடுங்கள். அதில் பதிந்த பள்ளத்து விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளங்கள். வார்த்த குண்டு அதைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் வெப்ப வாயு பக்கவாட்டில் ஓடிக் குண்டை உருக்கிக் குழலெங்கும் ஈயம் பூசும். மார்லின்களில் இந்த விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுவதால் நண்பரின் அளவு உங்களுக்கு உதவாது.

மருந்தின் கிரெயின் கணக்கை நான் இங்கே எழுத மாட்டேன். குண்டின் வடிவம், உலோகம், இறங்கும் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் குண்டின் பெயரையே போட்டு வெளியான கையேட்டு அட்டவணையில் தொடக்க அளவைப் பிடித்து, சிறு படிகளாக ஏறுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: எச் 110 மருந்தை, பயத்தில் கூட, இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அது அரைகுறையாக எரிந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். ரிவால்வரின் ஆறு அங்குலக் குழலில் தப்பித்து வெளியே போகும் மெதுவான தோட்டாகூட உங்கள் 20 அங்குலக் குழலில் உராய்ந்து நிற்கக்கூடும். 'டப்' என்ற மந்தமான சத்தம், உதையே இல்லை என்றால் லீவரைத் தொடாதீர்கள். துப்பாக்கியை முழுக்கக் காலி செய்து குழலைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

குறைவாக ஊற்றினாலே போதும் என்கிற வேக மருந்துகளில் வேறு வில்லங்கம். அவை உறையின் அடியில் சிறிதாகக் கிடக்கும், அதன்மேல் இரண்டாவது முறை ஊற்றினாலும் வழியாது. ஒருமுறை ஐம்பது உறைகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திரும்பி வந்து, எங்கே விட்டேன் என்று தெரியாமல் தொடர்ந்தேன். குண்டு வைப்பதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். நாலாவது வரிசையில் ஒரு உறையில் மட்டும் மருந்து மேலே தெரிந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதிலிருந்து மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான், போன் அடுத்த அறையில்.

வார்ப்பதாக இருந்தால் உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக் கூடாது. நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் புகையால் அல்ல, கைவழி வாய்க்குத்தான். அந்த அறையில் டீ குடிக்காதீர்கள், உடையைக் குழந்தைகளின் துணியோடு துவைக்காதீர்கள்.

சட்டமும் ஒரு வரி: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட மத்திய உரிமம் வேண்டாம், விற்பதற்காகக் கட்டினால் வேண்டும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்கவும்: இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

தொடங்கும்போது மருந்தும் பிரைமரும் இல்லாத ஐந்து தோட்டாக்களைக் கட்டி, மார்க்கரால் எண் போட்டு, நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழாயில் போட்டு லீவரை ஓட்டி, திரும்ப அளங்கள். பிறகு உண்மையான தோட்டாவில், ஐந்து போட்டு நான்கைச் சுட்டுவிட்டு மிச்சத்தை அளங்கள். குழாயில் முதலில் போனதுதான் கடைசியில் வரும், நாலு உதையையும் வாங்கியது அதுவே. அதன் நீளம் குறைந்திருந்தால் அந்தக் கிரிம்பை நம்ப முடியாது. மேசைக்குத் திரும்பி டையைச் சரிசெய்யுங்கள்.